பள்ளிச் செய்தியும் ஊர் வரலாறும்

1904ஆம் ஆண்டு தமிழகத்து உயர்நிலைப் பள்ளிகள் இரண்டில் நிகழ்ந்த இரண்டு சிறு செய்திகளை முதலில் நினைவுகூர்வோம். கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதத்துக்கான கே. ரங்கநாத ராவ் பரிசு மாணவர் ஒருவருக்கு வழங்கப்பட்டது. முழு மதிப்பெண்ணுக்கும் மேலாகப் பெறத்தக்கவர் என்று சொல்லித் தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர் அம்மாணவரை அவைக்கு அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் ஒருவர் விடுப்பில் செல்ல, அவர் இடத்தில் 21 வயது இளைஞர் ஒருவர் தற்காலிகமாக அமர்த்தப்பட்டார். நவம்பரில் அவர் பணி முடிந்தது. பரிசு பெற்ற மாணவர் சீனிவாச ராமானுஜன். விடுப்புக்கால ஆசிரியர் சுப்பிரமணிய பாரதி.

நிகழ்ந்த நாளில் இவை பெருஞ்செய்திகள் அல்ல. பரிசளிப்பு ஆண்டுதோறும் நடப்பது. விடுப்பு எடுத்தவருக்கு மாற்று ஆள் போடுவது எந்தப் பள்ளியிலும் உள்ள வழக்கம். ராமானுஜனைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. ஏறத்தாழ 1,200 மாணவர்களையும் 35 ஆசிரியர்களையும் வகுப்புவாரியாகப் பொருத்தும் கால அட்டவணை வேலையில் அவர் பள்ளிக்கு உதவினார். அவருடைய கணித மனம் இயங்கிய விதத்தை அறிய விரும்புவோருக்கு இந்த அலுவலகச் செய்தி எத்துணை மதிப்புடையது! யாரோ நினைவில் வைத்து எழுதியதால்தான் அது நமக்குக் கிடைத்தது. எந்தச் செய்தி பின்னாளில் வரலாறாகும் என்பதை அது நிகழும் நாளில் யாராலும் சொல்ல இயலாது. ஆதலால் ஒரு பள்ளி தன் சிறு செய்திகளையும் காக்கக் கடமைப்பட்டது.

மேதைகளுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மேதைகளின் வரலாற்றை எழுத நூல்கள் பல வரும். பள்ளிக்கு வந்து, படித்து, தேறியோ தவறியோ வெளியேறி, உழவராகவும் செவிலியராகவும் ஓட்டுநராகவும் எழுத்தராகவும் வாழ்ந்த ஆயிரக்கணக்கானோரின் இளமைக்குப் பள்ளிப் பதிவேட்டைத் தவிர வேறு சான்று இல்லை. நூற்றாண்டும் பொன்விழாவும் கொண்டாடும் பள்ளிகள் மலர் வெளியிடும்போது முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் இவர்களே.

காலைக் கூட்டமும் ஆண்டறிக்கையும்

உயர்நிலைப் பள்ளியின் செய்தி நாள்தோறும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிறக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறளும் பொருளும், செய்தி வாசிப்பு, பிறகு தலைமையாசிரியரின் அறிவிப்பு. வட்டார விளையாட்டில் வென்றவர் யார், இலக்கிய மன்றத் தொடக்க விழா என்று, எந்த வகுப்புக்குத் தடுப்பூசி, எந்த ஆசிரியர் மாறுதலாகிச் செல்கிறார் என்பன அங்குதான் முதலில் கேட்கும். பிறகு அறிவிப்புப் பலகைக்கு வரும். சுற்றறிக்கைக் குறிப்பேடு ஏந்தி வகுப்பு வகுப்பாகச் செல்லும் அலுவலக உதவியாளர் மிச்சத்தைச் சொல்லி முடிப்பார்.

இவையெல்லாம் ஆண்டு விழா நாளில் தலைமையாசிரியர் படிக்கும் ஆண்டறிக்கையில் ஒன்றுசேரும். மேடையில் அதைக் கேட்போர் குறைவு. பிள்ளைகளின் கண் நடனத்துக்கு அணிந்த உடையிலும் பரிசு மேசையிலும் இருக்கும். ஆனால் 50 ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பள்ளியைப் பற்றி எழுத வருபவருக்கு அந்த அறிக்கையைவிடச் சிறந்த கருவி இல்லை. எத்தனை பேர் தேர்வு எழுதினர், எத்தனை பேர் தேறினர், எந்தக் கட்டடம் எழுந்தது, எந்த மன்றம் இயங்கியது, எந்த ஆண்டு குடிநீர் இல்லாமல் திண்டாடினர் என்று அது ஆண்டு தவறாமல் சொல்லும். அடுத்தடுத்த ஆண்டறிக்கைகளை வரிசையாகப் படித்தால் பள்ளியின் வளர்ச்சியோடு ஊரின் வளர்ச்சியும் தெரியவரும்.

நாட்டின் பெரிய மாற்றங்கள்கூடப் பள்ளியின் சிறு செய்திகளாகவே ஊருக்குள் வந்து சேர்ந்தன. சென்னை மாகாணத்தில் மெட்ரிகுலேஷன் தேர்வின் இடத்தை 1911 முதல் எஸ்.எஸ்.எல்.சி. பிடித்தது. எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ்ப் புத்தகம் அங்க அடையாளங்கள் இரண்டோடு அரசு வேலைக்கான நுழைவுச் சீட்டாகக் குடும்பங்களில் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. தேர்வு முடிவு நாளிதழில் எண்களாக அச்சாகி வரும் நாளில் பத்திரிகை முகவர் கடை வாசலில் ஊரே கூடி நின்றது. 1978இல் பதினோராம் வகுப்போடு முடிந்த பள்ளிப்படிப்பு மாறி மேல்நிலைக் கல்வி வந்தது. அதுவரை கல்லூரிக்கு நகரம் தேடிப் போக வேண்டியிருந்த பெண்பிள்ளைகள் பலரால் சொந்த ஊரிலேயே பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க முடிந்தது. இதைச் சட்ட நூல்கள் ஒரு வரியில் சொல்லும். ஒரு பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு அந்த ஆண்டில் எத்தனை பெண்கள் பதினோராம் வகுப்பில் சேர்ந்தார்கள் என்று எண்ணிக்கையோடு சொல்லும்.

ஊர் கட்டிய பள்ளி

பள்ளிச் செய்தி ஊர்ச் செய்தியாக மாறியதற்குத் தமிழகத்தில் ஒரு சிறந்த சான்று பள்ளிச் சீரமைப்பு இயக்கம். காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958இல், திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. பள்ளிக்கு என்னென்ன தேவை என்று ஆசிரியர்கள் பட்டியல் எழுதினர். கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், நிலப்படம், சீருடை, சுற்றுச்சுவர் என்று அந்தப் பட்டியல் நீளும். ஊர்மக்கள் தத்தம் வசதிக்கேற்ப ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டனர். பின்னர் ஊர் ஊராக இம்மாநாடுகள் நடந்தன. அரசு தரும் என்று காத்திருந்த ஊர், இது நம் பள்ளி என்று உரிமை கொண்டாடத் தொடங்கியது.

அந்த மரபு அறுந்துவிடவில்லை. பள்ளியின் மின்விசிறி இறக்கையிலும் பீரோக் கதவிலும் 'உபயம்' என்ற சொல்லுக்குக் கீழே எழுதப்பட்ட பெயர்களை எந்த ஊரிலும் காணலாம். 2022இல் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் முன்னாள் மாணவரையும் நிறுவனங்களையும் அதே வழியில் அழைக்கிறது. அதே ஆண்டு மறுகட்டமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோர் ஒருவரே தலைவர். நூறு நாள் வேலைக்குச் செல்லும் தாய் ஒருவர் தலைமை நாற்காலியில் அமர்ந்து கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று தீர்மானம் எழுதச் சொல்கிறார் என்றால், அது மலரில் ஒரு பக்கம் பெறத்தக்க செய்தி. இருந்தும் பெரும்பாலான மலர்களில் நன்கொடையாளர் படம் இருக்கிறது. தீர்மானப் புத்தகம் எடுத்துப் பார்க்கப்படுவதே இல்லை.

வகுப்புக்கு வெளியே

மதிப்பெண் பட்டியலில் கடைசியில் இருந்தவர் பலர் மன்றங்களிலும் மைதானத்திலும் முதலில் இருந்தார்கள். தேசிய மாணவர் படை 1948இலும் பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950இலும் உருவாயின. இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவி கற்பித்தது. காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் பல்கலைக்கழகங்களில் பிறந்த நாட்டு நலப்பணித் திட்டம் பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. அதன் ஏழு நாள் சிறப்பு முகாமில் மண்வெட்டி பிடித்த கைகள் பக்கத்துக் கிராமத்தின் வாய்க்காலைத் தூர்வாரின. 2001இல் தேசிய பசுமைப் படை மரக்கன்றோடு வந்தது. பள்ளிச் சேமிப்பு வங்கியான சஞ்சாயிகாவில் எட்டாம் வகுப்பு மாணவர் காசாளராக அமர்ந்து நாலணா வரவு எழுதினார்.

இந்தப் பணிகளின் பயனைத் தேர்வு முடிவு அளக்காது. கூட்டத்தின் முன் எழுந்து பேசும் துணிவும், கணக்கை நேர்மையாக ஒப்படைக்கும் பழக்கமும், தன் தெருவைச் சேராதவரோடு ஒரே பந்தியில் உண்டு ஒரே கூடாரத்தில் உறங்கிய நினைவும் இங்கிருந்து வந்தவை. சாதி பார்த்துத் தெருக்கள் பிரிந்திருந்த ஊர்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகக் கலந்த முதல் பொது இடம் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளிதான். அந்தக் கலப்பு எளிதாக நடக்கவில்லை. எங்கே தடை எழுந்தது, எந்த ஆசிரியர் அதை உடைத்தார் என்று சொல்லும் நினைவுக் குறிப்புகள் வாழ்த்துச் செய்திகளைவிடப் பல மடங்கு பெறுமதி உடையவை.

பிள்ளைகள் தாங்களே எழுதிய செய்தியும் ஒன்று உண்டு. நான்கு தாளை மடித்து, கையெழுத்து அழகாக உள்ள மாணவரை எழுதச் சொல்லி, ஓவியம் வரையத் தெரிந்தவரிடம் அட்டையை ஒப்படைத்து, ஒரே ஒரு படி தயாரித்து நூலகத்தில் தொங்கவிட்ட கையெழுத்து இதழ் அது. தமிழ் எழுத்தாளர் பலருக்கு அதுவே முதல் மேடை. 2022 முதல் அரசுப் பள்ளி மாணவருக்காக 'தேன்சிட்டு', 'ஊஞ்சல்' போன்ற இதழ்கள் அச்சிலேயே வருகின்றன. கலைத் திருவிழாவில் பறையும் கரகமும் பொம்மலாட்டமும் மாநில மேடை வரை செல்கின்றன. இவை வரவேற்கத்தக்க வளர்ச்சி. ஆனால் மாநில இதழில் இடம் பெறுபவர் சிலரே. ஒவ்வொரு பள்ளிக்கும் தன் பிள்ளைகள் எழுதும் தனக்கான இதழ் வேண்டும்.

பதிவேடுகள் சொல்வதும் மறைப்பதும்

பள்ளியின் பதிவறை ஒரு சமூக ஆவணக் களஞ்சியம். சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோரின் தொழிலுக்கு ஒரு பத்தி உண்டு. அதைப் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்தால், ஊரில் தறி குறைந்ததும் வெளிநாட்டு வேலை பெருகியதும் புலப்படும். முதல் பெண் எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தெந்தத் தெருவிலிருந்து எப்போது முதல் பிள்ளை வந்தது என்பதை அதில் காணலாம். ஆண்டாய்வுக்கு வந்த அதிகாரிகள் எழுதிய குறிப்புகள் பார்வையாளர் புத்தகத்தில் உள்ளன. மாற்றுச் சான்றிதழ்களின் அடிக்கட்டைகள் பஞ்சத்தையும் ஆலை மூடலையும் குடும்பங்களின் இடப்பெயர்வையும் காட்டிக்கொடுக்கும்.

கசப்பான செய்தியும் அங்கே இருக்கிறது. நீண்ட நாள் வராததால் பெயர் நீக்கப்பட்டது என்று சிவப்பு மையில் எழுதப்பட்ட வரிகள் அவை. எட்டாம் வகுப்போடு நின்ற பெண், அறுவடைக்குப் போய்த் திரும்பாத பையன், தேர்வில் ஒரு பாடம் தவறி மீண்டும் எழுதாதவர் ஆகியோரின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் ஏறியதில்லை. பள்ளியின் வரலாறு நேர்மையானதாக இருக்க வேண்டுமானால் இவர்களையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். சத்துணவு சமைத்தவரும், மணி அடித்தவரும், இரவில் காவல் காத்தவரும் பள்ளிச் சமூகத்தினரே. அவர்களுடைய நினைவுகளைக் கேட்டு எழுதாத மலர் முழுமை பெறாது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பதிவேட்டில் சாதியும் மதிப்பெண்ணும் குடும்ப நிலையும் உள்ளன. தனி ஒருவரின் விவரத்தை வெளியிடும் உரிமை பள்ளிக்கு இல்லை. எண்ணிக்கையாகவும் போக்காகவும் சொன்னால் போதும். வரலாற்றுக்கு அதுவே தேவை.

அழியும் தாளும் மறையும் திரையும்

கரையானும் மழைநீரும் பழைய பதிவேடுகளைத் தின்றுகொண்டிருக்கின்றன. கட்டடம் மாற்றும்போது மூட்டை கட்டிப் பழைய தாள் கடைக்குப் போனவை பல. இன்றைய செய்தியோ தாளிலேயே இல்லை. வருகையும் சேர்க்கையும் கல்வித் துறையின் எமிஸ் இணையத்தளத்துக்குச் சென்றுவிட்டன. விழாப் படங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்து, கைப்பேசி நிறைந்ததும் அழிக்கப்படுகின்றன. 1958இன் நன்கொடைப் பட்டியல் கிடைத்தாலும் கிடைக்கலாம்; போன ஆண்டு விளையாட்டு விழாவின் ஒரு படம்கூட இன்னும் இருபது ஆண்டுகளில் கிடைக்காமல் போகும்.

சிறு தாள்களின் அருமை உணர்ந்த ஒருவர் செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்தார். ரோஜா முத்தையா நூல்களோடு நிற்கவில்லை. துண்டறிக்கை, அழைப்பிதழ், நாடக நோட்டீசு, பத்திரிகை நறுக்கு என்று பிறர் எறிந்தவற்றையெல்லாம் சேர்த்தார். அவருடைய சேகரிப்பே 1994இல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம். உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஆய்வாளர்கள் அதைத் தேடி வருகிறார்கள். தனி மனிதர் ஒருவர் இவ்வளவு செய்ய முடியுமானால், ஆயிரம் முன்னாள் மாணவரைக் கொண்ட ஒரு பள்ளி எவ்வளவோ செய்யலாம்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பதிவறையை ஒட்டி ஈரம் படாத ஓர் அலமாரியைப் பள்ளி ஆவணத்துக்கென ஒதுக்குங்கள். பழைய ஆண்டறிக்கைகள், மன்றக் குறிப்பேடுகள், குழுப்படங்கள், அழைப்பிதழ்கள் ஆகியவற்றை ஊரார் வீடுகளிலிருந்து கேட்டு வாங்கி, படியெடுத்துத் திருப்பிக் கொடுங்கள். குழுப்படத்தின் பின்புறம் ஆண்டையும் நிற்போர் பெயரையும் இன்றே எழுதுங்கள். அடையாளம் காட்டத் தெரிந்த முதியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவரை ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடமும் பணியாளர்களிடமும் அனுப்பி அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்யச் சொல்லுங்கள். வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதை எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாகக் கற்பிக்காது. ஒவ்வோர் ஆண்டும் ஆண்டறிக்கையின் இரண்டு படிகளை அச்சிட்டு, ஒன்றைப் பள்ளியிலும் மற்றொன்றை ஊர்ப் பொது நூலகத்திலும் வையுங்கள்.

இந்த மலரைக் கையில் ஏந்தியிருக்கும் முன்னாள் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிக்குக் கட்டடமும் கணினியும் தாருங்கள், அவை தேவை. அவற்றோடு உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய குழுப்படத்தையும் பரிசுச் சான்றிதழையும் கையெழுத்து இதழையும் எடுத்து வந்து ஒரு படி கொடுங்கள். அடுத்த விழா மலரை எழுதப்போகிறவர்களுக்கு நாம் விட்டுச்செல்லக் கூடிய பெருஞ்சொத்து அதுவே.