நஞ்சுக்கு ஓர் அளவுகோல்

நீரில் கலந்த ஒரு வேதிப்பொருள் மீனைக் கொல்லுமா எனச் சோதித்தறிவது, இன்று நமக்கு ஒரு காவற்பணியாகவே தோன்றுகிறது. ஆலைக் கழிவு, பூச்சிமருந்து, சாயநீர் ஆகியவற்றின் தீங்கை அளந்து, இவ்வளவுக்கு மேல் ஆகாது என வரையறுப்பதற்காக அறிஞர்கள் தொட்டிகளில் மீன்களை விட்டுக் காத்திருக்கின்றனர். 96 மணி நேரத்தில் பாதி மீன்கள் மடிவதற்கு எவ்வளவு அடர்வு வேண்டுமோ, அதுவே அப்பொருளின் நச்சுத்தன்மைக்குப் பரவலாக வழங்கும் அளவை. ஆனால் இதே சோதனை, காப்பதற்காகவே ஒரு கொலைப்பொருளைத் தேடி ஆயிரக்கணக்கான முறை நடத்தப்பட்ட வரலாறும் உண்டு. அது வட அமெரிக்காவின் பேரேரிகளில் நிகழ்ந்தது.

அவ்வரலாற்றின் நடுவில் நிற்பது கடல் லாம்பிரே என்னும் உயிரி. விலாங்கு போன்ற உடல்; தாடை இல்லாத வட்ட வாய்; வாய் முழுவதும் கொம்புப் பற்கள். பிற மீன்களின் மேல் ஒட்டிக்கொண்டு, தோலைத் துளைத்துக் குருதியை உறிஞ்சி வாழும். ஊன் விலக்கிய தவக்கால நாட்களில் ஐரோப்பியச் செல்வர்கள் இதனை விரும்பி உண்டனர். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி, மருத்துவர் தடுத்தும் கேளாமல் இதனை உண்டு 1135ஆம் ஆண்டில் இறந்தார் என்று அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அட்லாண்டிக் கடலில் இது தன் வரம்புக்குள் வாழ்ந்தது. மேலேரிகளுக்குள் புகவொட்டாமல் நயாகரா அருவி மதில்போல் நின்றது.

அம்மதிலில் வாயில் திறந்தவன் மனிதனே. கப்பல்கள் அருவியைச் சுற்றிச் செல்ல 1829இல் திறக்கப்பட்ட வெல்லண்ட் கால்வாய் பின்னர் ஆழப்படுத்தப்பட்டது. அதன் வழியே லாம்பிரே ஈரி ஏரியை அடைந்தது 1921இல் தெரியவந்தது. 1938க்குள் அது சுப்பீரியர் ஏரி வரை பரவிவிட்டது. அங்கிருந்த மீன்களுக்கு இப்பகைவனைத் தாங்கும் பழக்கமில்லை. ஒரு லாம்பிரே தன் ஒட்டுண்ணிப் பருவத்தில் 18 கிலோ வரை மீன்களை மாய்த்துவிடக்கூடும். ஆண்டுக்குச் சுமார் 6,800 டன் ஏரி டிரவுட் மீன் பிடிபட்ட மேலேரிகளில், 1960களின் தொடக்கத்தில் சுமார் 136 டன்னே கிட்டியது. அளவுமீறிப் பிடித்ததும் இதற்கு ஒரு காரணம்; பழி முழுவதையும் லாம்பிரேயின் மேல் சுமத்துதல் நேர்மையன்று. எனினும் கரையோர ஊர்களில் வலைகள் வெறுமையாகவே திரும்பின.

வெர்னன் ஆப்பிள்கேட் என்னும் உயிரியலாளர் இவ்வுயிரியின் வாழ்க்கையை நுணுகி ஆராய்ந்தார். ஏரியில் திரியும் லாம்பிரேயைப் பிடிப்பது அரிது. ஆனால் அது முட்டையிட ஓடைகளுக்கு ஏறியாக வேண்டும். முட்டையிலிருந்து வெளிப்படும் புழுப்பருவத்து இளவுயிர்கள், குடம்பிகள் எனப் பாடநூல்கள் சொல்பவை, கண்ணற்றனவாய் ஓடைச் சேற்றில் பல ஆண்டுகள் புதைந்து கிடக்கும். ஆகவே எதிரி எங்கே கூட்டமாக, நகராமல் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஓடைகளில் தடுப்புகளும் மின்வேலிகளும் அமைத்துப் பார்த்தனர்; போதவில்லை. பின்னரே நஞ்சு பற்றிய எண்ணம் வலுப்பெற்றது. அந்த ஓடைகளிலேயே டிரவுட் குஞ்சுகளும் வாழ்ந்தன என்பதுதான் சிக்கல்.

மிச்சிகன் மாநிலத்தில், ஹூரான் ஏரிக்கரையில் உள்ள ஹேமண்ட் பே என்னுமிடத்தில், கடலோரக் காவற்படையினர் விட்டுச்சென்ற கட்டடமொன்று ஆய்வுநிலையமாயிற்று. வரிசையாகக் கண்ணாடிச் சாடிகள். ஒவ்வொன்றிலும் லாம்பிரேக் குடம்பிகள் சில. அவற்றோடு டிரவுட் குஞ்சும் புளூகில் குஞ்சும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் வீதம் ஒரு வேதிப்பொருளைக் கரைத்து 24 மணி நேரம் கண்காணித்தனர். எல்லாம் பிழைத்தால் அப்பொருள் பயனற்றது. எல்லாம் மடிந்தாலும் பயனற்றது. 1957இல் வெளியான அறிக்கையொன்று 4,346 பொருள்களின் முடிவுகளை அட்டவணையிட்டுத் தந்தது. மொத்தத்தில் ஏறத்தாழ 6,000 பொருள்கள் சோதிக்கப்பட்டன. இப்பொறுமையை நாம் வியவாதிருக்க முடியவில்லை. இறுதியில் குடம்பிகள் மட்டும் மடிந்து மீன்கள் நீந்திய சாடிகள் கிடைத்தன. நைட்ரோஃபீனால் இனத்தைச் சேர்ந்த பொருளொன்று தேர்ந்தெடுக்கப்பட்டு, 'டி.எஃப்.எம்.' என்னும் சுருக்கப்பெயருடன் 1958இல் ஓடைகளில் இடப்பட்டது.

அப்பொருள் உயிரணுக்களின் ஆற்றல் உற்பத்தியைக் குலைக்கிறது. டிரவுட் மீன் அதனை வேறொரு சேர்மமாக்கி வெளியேற்ற வல்லது; லாம்பிரேக்கு அத்திறன் மிகக் குறைவு. நஞ்சு இருவருக்கும் ஒன்றே. தாங்கும் அளவுதான் வேறு. அளவு மிஞ்சினால் டிரவுட்டும் மடியும்.

இதே காலத்தில் கனடாவின் கிழக்கே, மிராமிச்சி ஆற்றுப்படுகையின் காடுகளில், மரப்புழுவை ஒழிக்க 1954இல் விமானங்கள் டி.டி.டி. தூவின. அந்த ஆற்றின் சால்மன் குஞ்சுகள் செத்து மிதந்தன. இவ்வழிவை 1962இல் ரேச்சல் கார்சன் தம் நூலில் உலகறியச் செய்தார். காட்டின் மேல் தூவியவர்களும் கேடு நினைத்தவர்களல்லர். ஆற்றின் மீன்களை முன்னதாகச் சாடியில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவே.

பேரேரிகளில் லாம்பிரேயின் தொகை பெரும்பாலான பகுதிகளில் சுமார் பத்திலொரு பங்காகக் குறைந்தது. சுப்பீரியர் ஏரியில் டிரவுட் மீண்டும் இயற்கையாகப் பெருகியது. எனினும் கணக்கின் மறுபக்கத்தையும் நாம் பார்க்கவேண்டும். அவ்வோடைகளின் பழங்குடியான சிறு லாம்பிரே இனங்கள் சில எம்மீனையும் உறிஞ்சாதவை. அவற்றின் குடம்பிகளும் இந்நஞ்சால் மடிகின்றன. இளம் ஸ்டர்ஜன் மீன்களும், நீரிலேயே வாழும் ஒருவகைச் சலமாண்டரும் எளிதில் பாதிக்கப்படுகின்றன. இங்கே ஒழிக்கப்படும் கடல் லாம்பிரேயோ, தன் தாயகமான ஐரோப்பிய நீர்நிலைகளில் சட்டத்தின் காப்பைப் பெற்றிருக்கிறது. ஓர் உயிரைப் பகை என்பதும் நட்பு என்பதும் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தவை போலும்.

இப்பணி ஒருமுறை செய்து முடிக்கத்தக்கதன்று. பெருந்தொற்றால் 2020, 2021ஆம் ஆண்டுகளில் நஞ்சிடுதல் குறைந்தபோது லாம்பிரேயின் தொகை மீண்டும் ஏறியது. எனவே ஓடைகள் சில ஆண்டுகளுக்கொருமுறை திரும்பவும் நஞ்சிடப்படுகின்றன. நீரின் காரத்தன்மை குறைந்தால் நஞ்சின் வீரியம் கூடும். ஆதலால் ஓர் ஓடைக்குரிய அளவு மற்றோர் ஓடைக்கு உதவாது. ஒரே ஓடையிலும் அது மாறும். பகலில் நீர்த்தாவரங்கள் கரியமில வாயுவை உட்கொள்வதால் காரத்தன்மை உயர்கிறது. இரவில் மீண்டும் தாழ்கிறது. மாலையில் டிரவுட் தாங்கிய நஞ்சு, விடியுமுன் அதனைக் கொன்றுவிடக்கூடும். நஞ்சிடும் குழுவினர் அதனால் இரவிலும் கரையிலிருந்து ஓடைநீரை முகந்து அளந்துகொண்டிருக்கின்றனர்.