கீர்யா: எடைக்கல்லாகப் பிறந்து மூச்சைப் பழக்கிய இரும்பு

1908ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள். அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலக மல்யுத்தப் பட்டத்துக்கான போட்டி. ஒரு பக்கம் 'ரஷ்யச் சிங்கம்' என்று புகழப்பட்ட ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட். எதிரில் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஃபிராங்க் காட்ச். ஹேக்கன்ஷ்மிட் ஒரே கையால் 122 கிலோ எடையைத் தலைக்கு மேல் உயர்த்தியவர். பலத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் யார் வெல்வார் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இருந்திருக்காது.

ஆனால் நடந்தது வேறு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றபடியே நடந்த மல்லுக்கட்டின் முடிவில் ஹேக்கன்ஷ்மிட் தோல்வியை ஒப்புக்கொண்டார். இரண்டாவது சுற்றுக்கு அவர் வரவே இல்லை.

இவ்வளவு பலம் இருந்தும் ஏன் தோற்றார்? இந்தக் கேள்விக்கும், இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் காணப்படும் 'கெட்டில்பெல்' என்ற இரும்புக் குண்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

சந்தையில் பிறந்த கருவி

கெட்டில்பெல்லின் ரஷ்யப் பெயர் கீர்யா. உருண்டையான இரும்பு, மேலே கனத்த கைப்பிடி. பார்வைக்குப் பிடி வைத்த கெண்டி போல இருக்கும். 1704இல் வெளியான ரஷ்ய அகராதியிலேயே இந்தச் சொல் இடம்பெற்றுவிட்டது. அப்போது அது உடற்பயிற்சிக் கருவி அல்ல, தராசுத் தட்டில் வைக்கும் எடைக்கல். தானியச் சந்தைகளில் மூட்டைகளை நிறுக்க அது பயன்பட்டது.

அக்கால ரஷ்ய எடை அளவு 'பூட்'. ஒரு பூட் என்பது 16.38 கிலோ. இன்றைய கெட்டில்பெல்கள் 16, 24, 32 கிலோ என்று வருவதற்கு இதுவே காரணம். அவை முறையே ஒரு பூட், ஒன்றரைப் பூட், இரண்டு பூட். கருவி சந்தையை விட்டு வந்த பிறகும் சந்தைக் கணக்கு அதை விட்டுப் போகவில்லை!

எடைக்கல்லைத் தினமும் தூக்கி இறக்குபவனுக்குத் தோள் உரம் ஏறும். யார் அதிக முறை தூக்குவது என்று பந்தயம் கட்டுவதும் இயல்புதான். இப்படி வேலையும் விளையாட்டுமாக இருந்த கீர்யா திருவிழாக்களுக்கும், பிறகு சர்க்கஸ் பலசாலிகளின் கைக்கும் போனது.

மருத்துவர் கையில் இரும்பு

இதை முறையான பயிற்சியாக மாற்றியவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மருத்துவர் விளாதிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி. நாற்பது வயதைத் தாண்டிய நிலையில், 1885ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் உடல்வலிமைப் பயிற்சிக்காக ஒரு குழுவைத் தொடங்கினார். ரஷ்யாவில் பாரந்தூக்கும் விளையாட்டு பிறந்த நாளாக இன்றும் அந்த நாளே கருதப்படுகிறது. கீர்யாவைக் கொண்டும் அது இல்லாமலும் உடல் வலிமையை வளர்ப்பது பற்றி அவர் ஒரு நூலும் எழுதினார். சர்க்கஸ் வேடிக்கையாக இருந்த ஒன்று மருத்துவரின் கைபட்டதும் ஒழுங்குள்ள பயிற்சியாயிற்று.

அந்த மருத்துவரின் கண்ணில் பட்டவர்தான் ஹேக்கன்ஷ்மிட். 1877இல் இன்றைய எஸ்தோனியாவின் தார்த்து நகரில் பிறந்தவர். தொழிற்சாலையில் வேலை பழகிக்கொண்டிருந்த இளைஞர். 1898இல் கிராயெவ்ஸ்கி அவரைத் தன் வீட்டுக்கே அழைத்துத் தங்கவைத்துப் பயிற்சி அளித்தார். ஏழே ஆண்டுகளில், 1905இல், நியூயார்க்கில் டாம் ஜென்கின்ஸை வென்று ஹேக்கன்ஷ்மிட் உலகப் பட்டம் பெற்றார்.

சிகாகோ சொன்ன பாடம்

இனி 1908க்குத் திரும்பலாம். காட்ச் உடலில் எண்ணெய் பூசியிருந்தார், முறைகேடாக ஆடினார் என்று ஹேக்கன்ஷ்மிட் தரப்பு குற்றம் சாட்டியது. மறுபுறம், அவர் போட்டிக்கு முன் தேவையான பயிற்சி எடுக்கவில்லை, நீண்ட நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொண்டார் என்று அமெரிக்கத் தரப்பு சொன்னது. முழங்கால் வலியும் அவருக்குத் தொல்லை கொடுத்துவந்தது. இவற்றில் எது எவ்வளவு உண்மை என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் தெளிவு. ஒருமுறை பெரும் பாரத்தைத் தூக்குவது வேறு. எதிராளி இழுக்க இழுக்க, தள்ளத் தள்ள, மணிக்கணக்கில் பலத்தைக் காட்டுவது வேறு. முதலாவதற்குத் தம் கட்டினால் போதும். இரண்டாவதற்குத் தம் கட்டவும் தெரிய வேண்டும், கட்டிய தம்மை விடவும் தெரிய வேண்டும்.

இதன் காரணம் எளிது. மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கும்போது வயிற்றறைக்குள் அழுத்தம் கூடி முதுகெலும்புக்குத் தாங்கல் கிடைக்கிறது. அதனால்தான் கனமான மூட்டையைத் தூக்கும் எவரும் தானாகவே மூச்சைப் பிடிக்கிறார். ஆனால் அதே நேரத்தில் இரத்த அழுத்தம் ஏறுகிறது. மூச்சை விடாமல் தொடர்ந்தால் சீக்கிரம் களைப்பு வந்துவிடும்.

ஒகினாவாவின் விடை

பாரத்தோடு மூச்சையும் பழக்கும் வழியை ரஷ்யாவுக்கு வெளியிலும் தேடியிருக்கிறார்கள். கராத்தேயின் தாயகமான ஒகினாவாத் தீவில் 'இஷி சாஷி' என்ற கருவி உண்டு. பூட்டு வடிவில் கைப்பிடியோடு செதுக்கிய கல். சீன வீரர்கள் பயன்படுத்திய கற்பூட்டின் உறவு. கீர்யாவை அருகில் வைத்தால் அண்ணன் தம்பி போலவே இருக்கும்.

கோஜு ரியூ கராத்தேயை உருவாக்கிய சோஜுன் மியாகி (1888-1953) வழியில் இத்தகைய எடைப் பயிற்சிகளும் 'சான்சின்' என்ற பயிற்சியும் சேர்ந்தே கற்பிக்கப்பட்டன. சான்சினில் கால்களை ஊன்றி நின்று, உடலை இறுக்கி, அடிவயிற்றிலிருந்து மெதுவாக மூச்சை விட வேண்டும். இறுக்கம் சரியாக இருக்கிறதா என்று ஆசிரியர் தோளில் தட்டிப் பார்ப்பார். உடல் இறுகியிருக்கும்போதும் மூச்சு நிற்கக் கூடாது என்பதே இதன் சாரம்.

பத்து நிமிடப் போட்டி

சோவியத் ஒன்றியத்தில் விடை வேறு வழியில் வந்தது. 1948இல் மாஸ்கோவில் கீர்யா தூக்குவோருக்கான முதல் அனைத்து ஒன்றியப் போட்டி நடந்தது. 1985இல் அதிகாரபூர்வ விதிகள் வகுக்கப்பட்டு, லிபெட்ஸ்க் நகரில் முதல் சோவியத் சாம்பியன் போட்டி நடந்தது. பின்னர் நேரம் 10 நிமிடம் என்று வரையறுக்கப்பட்டது. அந்த 10 நிமிடமும் எடையைக் கீழே வைக்கக் கூடாது. எத்தனை கிலோ தூக்கினாய் என்பதல்ல, எத்தனை முறை தூக்கினாய் என்பதே கேள்வி.

இங்கே தம் கட்டுபவர் ஓரிரு நிமிடங்களில் ஓய்ந்துவிடுவார். அதனால் வீரர்கள் உடலின் அசைவோடு மூச்சை இணைத்தார்கள். உடல் குனிந்து மடங்கும்போது மூச்சை வெளியே விடுவது, நிமிர்ந்து விரியும்போது உள்ளே இழுப்பது. எடையை மார்பருகே தாங்கும்போது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி இளைப்பாறி, இரண்டு மூன்று முறை மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த முறை தூக்குவது. பாரத்தின் கீழேயே ஓய்வெடுக்கும் கலை என்று இதைச் சொல்லலாம்.

2001இல், மின்ஸ்க் நகரில் பிறந்த பாவெல் சத்சூலின் எழுதிய நூல் அமெரிக்காவில் வெளியாகி, கெட்டில்பெல் அங்கே பரவக் காரணமாயிற்று. அவர் கற்பித்த மூச்சு முறை இதற்கு நேர் எதிர். எடை கீழே வரும்போது மூக்கால் இழுத்து வயிற்றை இறுக்கி, மேலே வீசும் கணத்தில் பல்லிடுக்கில் 'த்ஸ்' என்று சிறிது மூச்சைத் தெறிக்க விடுவது. குத்துவிடும் குத்துச்சண்டை வீரரும், கத்தி அடிக்கும் கராத்தே வீரரும் செய்வது கிட்டத்தட்ட இதையேதான்.

எது சரி?

இரண்டு முறையைச் சேர்ந்தவர்களும் எங்கள் வழியே சிறந்தது என்று வாதிடுவதுண்டு. ஆனால் சண்டைக் கலை பழகுபவருக்கு இரண்டும் தேவை. அடி கொடுக்கும், அடி வாங்கும் அந்த ஒரு கணத்துக்கு இறுக்கிய மூச்சு. அடிகளுக்கு இடைப்பட்ட நேரத்துக்குத் தளர்ந்த மூச்சு. குறைந்த எடையில் தொடங்கி, ஒரே அசைவைப் பல நூறு முறை செய்யவைக்கும் கீர்யா, இவ்விரண்டுக்கும் இடையே மாறிமாறிப் போய்வரப் பழக்குகிறது. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தம் கட்டும் பயிற்சியில் இறங்கக் கூடாது.

1911இல் ஹேக்கன்ஷ்மிட் மீண்டும் காட்ச்சுடன் மோதி மீண்டும் தோற்றார். அதன் பிறகு மல்யுத்தத்தை விட்டுவிட்டுத் தத்துவ நூல்கள் எழுதினார். 1968இல், 90 வயதில் லண்டனில் காலமானார். அவரை வளர்த்த இரும்பு இன்றும் அதே பூட் கணக்கில் வார்க்கப்படுகிறது. தானியத்தை நிறுத்த அந்த எடைக்கல் இப்போது மனிதனின் மூச்சை நிறுத்துப் பார்க்கிறது. பத்தாவது நிமிடத்தில் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தீர்மானிப்பது கை அல்ல, மூச்சுதான்.