பூனைகள், ஒரே வீட்டில் வாழ்தல்

ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டுப் பூனைகள் சண்டையின்றி ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்வதும், அதற்காக வளர்ப்போர் கையாளும் முறைகளும். வீட்டுப் பூனைக்கு ஃபெலிஸ் காட்டஸ் என்று 1758இல் பெயரிட்டவர் லின்னேயஸ். விழுப்புரம், திண்டிவனம் வட்டார வழக்கங்கள் கீழே தனியே சொல்லப்பட்டுள்ளன.

தோற்றம்: வீட்டுப் பூனையின் மூதாதை, ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் திரியும் காட்டுப் பூனை. தனியே வேட்டையாடும், சிறுநீராலும் நகக்கீறலாலும் எல்லை வகுக்கும். பூனை மனிதரோடு வாழ்ந்ததற்கு, எகிப்தியச் சித்திரங்களைவிடப் பல ஆயிரம் ஆண்டு மூத்த சான்று சைப்ரஸ் தீவில் உள்ளது. அங்கே ஷில்லூரோகாம்போஸ் என்னும் இடத்தில், சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழியிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. தள்ளி, எட்டு மாத வயதுள்ள பூனையொன்று முழு உடலாகப் புதைக்கப்பட்டிருந்தது. இச்செய்தி 2004இல் வெளியானது. அத்தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. படகில்தான் வந்திருக்க வேண்டும். 2007இல் வெளியான மரபணு ஆய்வும் மேற்கு ஆசியாவையே சுட்டியது. தானியம் சேர்ந்த இடத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. தனிமை விரும்பி அங்கேதான் கூட்டத்துக்குப் பழகியது எனக் கொள்வதே பொருத்தம்.

கூட்ட அமைப்பு: தீனி தாராளமாகக் கிடைத்தால் தாய், மகள், சகோதரிகள் சேர்ந்து வாழும், ஒன்றன் குட்டிக்கு மற்றது பால் கொடுக்கும். கடுவன் ஊர் சுற்றும். அயல் பூனை வந்தால் விரட்டும். பிறந்த 2 முதல் 7 வாரம் வரை குட்டி எளிதில் பழகும். ஆகவே கூடப்பிறந்த இரண்டை ஒன்றாக எடுத்து வளர்ப்பதே சிறந்தது.

வட்டார வழக்கு: நெல், மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டைகள் அடுக்கிய கிடங்குகளில் எலிக்காகப் பூனையை விட்டுவைப்பார்கள். குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். பரணும் விறகடுக்கும் அதற்கு வசதி. இப்படிப் பல வீட்டுச் சோற்றில் வளரும் பூனைகளுக்குள் பகை குறைவு. கதவு சாத்திய வீட்டில்தான் தொல்லை.

பழக்கும் முறை: புதுப் பூனையைப் பத்து நாளாவது தனி அறையில் வைக்க வேண்டும், சில நோய்கள் இருந்தால் அதற்குள் தெரியலாம். பூனை ஆளை அறிவது மோப்பத்தால். பழைய துணியால் ஒன்றின் கன்னத்தைத் தேய்த்து மற்றது படுக்கும் இடத்தில் போடலாம். சாத்திய கதவின் இருபுறமும் தீனி வைத்து, சீறல் அடங்கியபின் கதவை ஒரு விரற்கடை திறப்பது அடுத்த படி. ஒரே தட்டில் வைத்தால் ஒற்றுமை வரும் என்ற எண்ணம் பிழையானது. தட்டுகள் ஒன்றையொன்று பாராத இடத்தில் இருக்க வேண்டும். மலசலம் கழிப்பதற்கான மண் தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வேண்டும். வால் நிமிர்ந்து வருவது நட்பு. சத்தமே போடாமல் நடைவழியில் குந்தி, மற்றதை மண் தட்டுக்குப் போகவிடாமல் முறைப்பதும் சண்டைதான், பலர் கவனிப்பதில்லை. கடித்துக்கொள்ளும்போது கையை நுழைக்கக் கூடாது, நடுவே பலகையோ அட்டையோ செருகலாம். கடுவனுக்குக் கருத்தடை செய்தால் மூர்க்கம் பெரும்பாலும் தணியும்.

தற்போது விழுப்புரம், திண்டிவனம் நகரங்களில் பெர்சியப் பூனை வளர்ப்போரும் உண்டு. அரசு கால்நடை மருத்துவமனைகள் உள்ளன. புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.