பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்தும் கயிறுகள்: அடையாளம் காண்பது எப்படி?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றங்கரையில் வாழும் நமக்குக் கடல் தூரம்தான். ஆனால் நம் சமுதாய வரலாற்றுக்குக் கடல் தூரமில்லை. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் மரைக்காயர்கள் பாய்மரக் கப்பல்களில் இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் சென்று வணிகம் செய்தார்கள். அர்ரஹ்மான் சூராவின் 24-வது வசனமும் கப்பல்களை இறைவனின் அருட்கொடைகளில் ஒன்றாக நினைவூட்டுகிறது. அந்த உயரமான மரம் காற்றில் சாயாமல் நிற்பது எப்படி?

இரு வகைக் கயிறுகள்

பாயை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் பயன்படுபவை இழுகயிறுகள். இவை கப்பி வழியாக ஓடி மாலுமியின் கைக்கு வரும். நிலைக்கயிறுகள் அப்படியல்ல. ஒரு முனை மரத்திலும் மறு முனை படகின் உடலிலும் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும், பயணத்தின்போது அசையாது. முன்பு தார் பூசிய சணல் கயிறு. இன்று பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி.

நிலைக்கயிறுகளின் பெயர்கள்

- முன் ஸ்டே: மர உச்சியிலிருந்து முன்முனைக்கு வருவது. மரம் பின்னால் சாயாமல் காக்கும்.
- பின் ஸ்டே: உச்சியிலிருந்து பின்பக்கத்துக்கு. முன்னால் சாயாமல் காக்கும்.
- ஷ்ரவுட்: இரு பக்கங்களிலும் இறங்குபவை. பக்கவாட்டுச் சாய்வைத் தடுக்கும்.
- ஸ்ப்ரெடர்: மரத்தின் நடுவே கைபோல் நீளும் குறுக்குத் தண்டு. ஷ்ரவுட்டை விலக்கிப் பிடித்து அதன் பிடிமானத்தைக் கூட்டும்.
- டர்ன்பக்கிள்: கம்பியை முறுக்கி இறுக்கும் திருகு.
- செயின்பிளேட்: கம்பியின் கீழ்முனையைப் படகோடு பிணைக்கும் உலோகத் தகடு.

நம் டேனரிகளில் ஈரத்தோலைச் சட்டத்தில் நாலாபுறமும் கிளிப் போட்டு இழுத்து மாட்டுவதைப் பார்த்திருப்போம். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் தோல் கோணும். பாய்மரமும் அப்படித்தான். ஸ்ப்ரெடர் நுனியில் பாய் உரசிக் கிழியாதிருக்கத் தோல் உறை தைத்து மாட்டும் வழக்கமும் உண்டு.

அரபுப் பாய்க்கப்பல்களில் முன் ஸ்டே இருப்பதில்லை. பாயைத் தாங்கும் நீண்ட குறுக்குமரம் பாய்மரத்தின் முன்புறமாகச் சுற்றி வர இடம் வேண்டும். அதனால் திசை மாறும்போது பக்கக் கயிறுகளைக் காற்று வீசும் பக்கத்துக்கு மாற்றிக் கட்டுவார்கள்.

கவனிக்க வேண்டியவை

அறுந்து நிற்கும் ஒற்றை இழை, முனைப் பொருத்துகளில் வெடிப்பு, துருக்கறை, டர்ன்பக்கிளில் விடுபட்ட பின் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். கம்பியை வெறுங்கையால் தடவக் கூடாது. துணியால் தடவினால் அறுந்த இழை துணியில் மாட்டும். சுமார் 10 ஆண்டுகளில் கம்பிகளை மாற்றிவிடுவது பொது வழக்கம். ஒரு பின் கழன்றாலும் முழு மரமும் விழலாம்.

பராமரிப்பு எவ்வளவு இருந்தாலும் கடலின் வலிமை பெரிது. 2018 செப்டம்பரில் உலகைச் சுற்றும் போட்டியில் தனியாகச் சென்ற இந்தியக் கடற்படை வீரர் அபிலாஷ் டோமியின் படகு தென் இந்தியப் பெருங்கடல் புயலில் புரண்டது. மரம் முறிந்தது, முதுகில் பலத்த காயம். பிரெஞ்சுக் கப்பலான ஒசிரிஸ் அவரை மீட்டது. அடுத்த போட்டியில் மீண்டும் கலந்துகொண்டு, 2023-ல் இரண்டாம் இடம் பெற்றார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தரும் திர்மிதீ ஹதீஸை நாம் அறிவோம். பயணத்துக்கு முன் கயிற்றைச் சோதித்து இறுக்குவது மாலுமியின் கடமை. காற்று அல்லாஹ்வின் கையில். நம் தொழிலிலும் குடும்பத்திலும் அந்த வரிசையே நமக்கு வழிகாட்டட்டும்.