மணற்பாவை முதல் கொலுப்படி வரை

விழாக்கள் பொருளால் சிறக்கின்றனவா, மனத்தாலும் கையாலும் சிறக்கின்றனவா என்னும் வினா புதியதன்று. திங்கள் ஊதியத்தை எண்ணிச் செலவிடும் எழுத்தர் குடும்பங்களில் புரட்டாசி பிறந்தவுடன் ஆண்டுதோறும் எழும் வினா அது. சாலைக் கடைத்தெருவில் பொம்மைகளின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையுடன் திரும்பும் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். 'இவ்வாண்டு கொலு வேண்டாம். படத்திற்கு ஒரு மாலை போதும்' என்று முடிவு செய்துவிடும் இல்லங்களும் நம்மிடையே உண்டு. இம்முடிவிற்கு வறுமை மட்டுமே காரணமன்று. கொலு என்றால் விலைக்கு வாங்கிய பொம்மைகளின் வரிசை என்ற எண்ணமே பெருங்காரணம். அவ்வெண்ணம் நம் வரலாற்றோடு பொருந்துமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாவையின் பழமை

தமிழர்தம் பழைய நூல்களில் பொம்மைக்கு வழங்கும் பெயர் 'பாவை' என்பது. சங்கப் பாடல்களில் இளமகளிர் கடற்கரை மணலைக் குவித்துச் செய்த பாவை 'வண்டற்பாவை' எனப்படும். நீர்நிலைகளில் வளரும் கோரையைக் கொண்டு செய்த பாவை 'பைஞ்சாய்ப்பாவை' எனப்படும். ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் ஓர் இனிய காட்சி வருகிறது. சிறுமி ஒருத்தி செய்த மணற்பாவையைக் கடல் அலை கவர்ந்து செல்கிறது. சினங்கொண்ட அவள் மணலை வாரி வாரி எறிந்து கடலையே தூர்த்துவிட முயல்கிறாள்! காசு கொடாமல் தன் கையால் செய்த பாவையின்மீது அவளுக்கிருந்த பற்று அத்தகையது.

இங்கு வாழும் நமக்கு மற்றொரு செய்தியும் உவகை தரும். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவனோ யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேர மன்னன். மணற்பாவைக்காகக் கடலோடு பொருத சிறுமியை நமக்குக் காத்துத் தந்தவன் ஒரு சேரனே ஆவான். மரப்பாவையும் பழமையுடையதே. கயிற்றால் இயங்கும் மரப்பாவையைத் திருவள்ளுவர் உவமையாக எடுத்தாள்கிறார்.

அரசவையும் இல்லமும்

'கொலு' என்னும் சொல் அரசன் அவையில் வீற்றிருத்தலைக் குறிப்பது. கொலு மண்டபம், கொலு வீற்றிருத்தல் என்னும் வழக்குகள் இதற்குச் சான்று. விசயநகரப் பேரரசில் நவராத்திரி ஒன்பது நாளும் அரசவிழாவாக நடைபெற்றது. ஏறத்தாழ 1520-ஆம் ஆண்டில் அந்நகரைக் கண்ட போர்ச்சுகீசியப் பயணி தொமிங்கோ பயஸ் அவ்விழாவை விரிவாக எழுதி வைத்துள்ளார். யானை, குதிரை, ஆடல் மகளிர், சிற்றரசர் என யாவரும் நிறைந்த பேரவை அது.

நம் வீட்டுப் படிகளும் ஓர் அவையையே காட்டுகின்றன. அரசன் அமரும் இடத்தில் அன்னை அமர்கின்றாள். படைத்தலைவர் நிற்கும் இடத்தில் அரிசி பருப்பு விற்கும் செட்டியார் பொம்மை அமர்கிறது. விடுதலைக்குப் பின் காந்தியடிகளும் நேருவும் அப்படிகளில் இடம் பெற்றனர். யாரையும் ஏற்கும் அவை இது. பண்ணுருட்டிக் காகிதக்கூழ்ப் பொம்மை, மதுரையை அடுத்த விளாச்சேரியின் மண்பொம்மை, தஞ்சையின் தலையாட்டிப் பொம்மை ஆகியவை இதற்கென்றே பெயர் பெற்றன. இவற்றைச் செய்யும் கைவினைஞரை நாம் போற்ற வேண்டும். இயன்றபோது ஒன்றேனும் வாங்கவும் வேண்டும். ஆயினும் களிமண், பழைய காகிதம், மரத்துண்டு ஆகிய எளிய பொருள்களே அவர்களுக்கும் முதல் என்பதை மறத்தலாகாது.

அனந்தபுரிக்கு வரும் தெய்வங்கள்

திருவனந்தபுரத்தின் நவராத்திரிக்கு வேறெந்நகர்க்கும் இல்லாத சிறப்பு ஒன்றுண்டு. வேணாட்டின் பழைய தலைநகர் பத்மநாபபுரம். கார்த்திகைத் திருநாள் இராமவர்மரின் ஆட்சியில் (1758-1798) தலைநகர் இங்குப் பெயர்ந்தது. ஆயினும் பழைய தலைநகரின் சரசுவதியை இந்நகர் மறக்கவில்லை. கம்பர் வழிபட்டதென மரபு கூறும் அத்திருமேனி இன்றும் ஆண்டுதோறும் இங்கு எழுந்தருள்கிறது. உடன் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வருகின்றனர். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி மூன்றாம் நாள் நகரை அடைவர். சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலிலும், நங்கை செந்திட்டைக் கோயிலிலும் அமர்ந்து வழிபாடு ஏற்பர். மண்டபத்தில் ஒன்பது மாலைகளிலும் சுவாதித் திருநாள் (1813-1846) இயற்றிய நவராத்திரிக் கீர்த்தனைகள் ஒலிக்கும். நெடுங்காலம் ஆடவரே பாடிவந்த அவ்விடத்தில் 2006-ஆம் ஆண்டில் பாறசாலை பொன்னம்மாள் பாடி, பெண்டிர்க்கும் வழி திறந்தார்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழிப் பிரிந்தபோது பத்மநாபபுரமும் சுசீந்திரமும் தமிழகத்தில் சேர்ந்தன. அன்றுமுதல் இத்தெய்வங்கள் களியிக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்தே வருகின்றன. விழா முடிந்ததும் அவ்வழியே மீள்கின்றன. எல்லை கடந்து வந்து, ஒன்பது நாள் கொலுவிருந்து, ஊர் திரும்பும் அத்தெய்வங்களைக் காணும்போது புலம்பெயர்ந்த நம் நெஞ்சில் ஓர் உறவு தோன்றுவது இயல்பே அன்றோ?

மண் தரும் பொருள்

மலையாள இல்லங்களில் நவராத்திரியின் இறுதி நாள்களில் நூல்களைப் பூசைக்கு வைப்பர். விசயதசமியன்று குழந்தைக்கு எழுத்தறிவிப்பர். படிகட்டிப் பொம்மை அடுக்குவது பெரும்பாலும் தமிழர் வழக்கமே. கரமனை, வலியசாலை, கோட்டைப் பகுதித் தெருக்களில் அது தலைமுறைகளாக நிலைத்துள்ளது. பிற்காலத்தில் பணியின் பொருட்டு வந்த குடும்பங்களுக்குப் பாட்டிமார் சேர்த்த பொம்மைப் பெட்டி வாய்ப்பதில்லை. அவர்கள் என் செய்வது?

விடை இம்மண்ணிலேயே உள்ளது. பத்தனம்திட்டை மாவட்டத்துக் கடம்மனிட்டையில் சித்திரைத் தொடக்கத்தில் 'படயணி' நிகழும். காலன், மாடன், மறுதை, யட்சி எனக் கண்டோர் அஞ்சும் கோலங்கள் அதில் ஆடும். அப்பெருங்கோலங்களின் மூலப்பொருள் யாது? கமுகிலிருந்து உதிரும் பாக்குமட்டை! மலையாளத்தார் அதனைப் 'பாள' என்பர். மட்டையின் பச்சைத் தோலைச் சீவினால் வெண்மை, கரியால் கருமை, செங்கல்லால் செம்மை, மஞ்சளால் மஞ்சள் நிறம். குருத்தோலையே அணிகலன். தோட்டத்தில் கிடப்பது கொண்டே ஊரார் தெய்வத்தையும் பேயையும் படைத்துவிடுகின்றனர்.

இதே வழியைக் கொலுவிலும் கொள்ளலாம். துணிப்பெட்டிகளையும் பலகைகளையும் அடுக்கி வெள்ளை வேட்டி விரித்தால் மூன்று படிகள் ஆயின. படிகள் ஒற்றைப்படையாய் இருந்தால் போதும். பழைய செய்தித்தாளைக் கிழித்து மூன்று நாள் நீரில் ஊறவைத்து, ஊறிய வெந்தயம் சேர்த்து அரைத்தால் உறுதியான கூழ் கிடைக்கும். சிரட்டையை அச்சாகக் கொண்டு அக்கூழில் தலையும் முகமும் செய்யலாம். ஐப்பசியின் துலாமழை தொடங்கிவிட்டால் கூழ் உலராது பூஞ்சை பிடிக்கும். ஆகலின் ஓணத்தை ஒட்டிய வெயிலிலேயே செய்து உலர்த்துதல் நன்று. தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகும் கடுகும் தூவி நீர் தெளித்து வந்தால் ஐந்தாறு நாளில் பசும்புல்வெளி எழும். பழைய முகக்கண்ணாடி ஒன்று அதன் நடுவே குளமாகும். மரப்பாச்சி இருப்பின் தையற்காரர் ஒதுக்கும் பட்டுத்துணி அதற்குப் புத்தாடை. தெர்மகோலும் நெகிழித் தோரணமும் இங்கு வேண்டுவதில்லை.

வேடமிட்ட சிறுவர்

கொலுவிற்கு அழைக்கச் செல்லும் சிறுவர்க்குக் கண்ணன், இராதை, ஆண்டாள் என வேடமிடுவது நம் பழைய வழக்கம். அட்டையில் வெட்டிய முடி, அதன்மேல் தங்க நிறக் காகிதம், மூங்கிற் குழல், ஈர்க்கை வளைத்த வில், குங்குமச் சிமிழ் ஆகியவையே அவர்தம் அணிகள். வீடுதோறும் சென்று அழைப்பர். வீடுதோறும் சுண்டல் பெறுவர்.

இதனையொத்த வழக்கொன்று கடல் கடந்த நாடுகளிலும் உண்டு. அக்டோபர் 31-ஆம் நாள் மாலையில் ஹாலோவீன் என்னும் விழாவில் சிறுவர் பேய்வேடமிட்டு வீடுதோறும் சென்று இனிப்புப் பெறுவர். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே விளக்கேற்றினர். அம்மக்கள் பெருந்தொகையினராய் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறினர். அந்நாட்டு மண்ணில் விளையும் பெரிய பூசணி குடைவதற்கு எளிதாயிருந்தது. கிழங்கு விளக்கு பூசணி விளக்காயிற்று. இன்று உலகம் அவ்விழாவை அறிவது பூசணியாலேயே. புலம்பெயர்ந்தோர் பழைய பொருளைத் தேடி அழவில்லை; புது மண் தந்ததைக் கையில் எடுத்தனர்; விழா பிழைத்தது. நாம் கற்கவேண்டிய பாடம் இது.

கையோடு வாழும் சொல்

இனி, இவ்வளவு பாடுபட்டுக் கையால் செய்வானேன் என்று கேட்கலாம். செலவு குறையும் என்பது ஒரு பயனே. தலையாய பயன் வேறு. நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் இந்தியும் ஆங்கிலமும் கற்கின்றனர். தமிழ் அவர்களுக்கு 'சாப்பிட்டாயா, படித்தாயா' என்னும் அளவிற்குச் சுருங்கி வருகிறது. பொம்மையை வாங்கும் பிள்ளைக்கு அதன் விலை மட்டும் தெரிந்தால் போதும். செய்யும் பிள்ளைக்கோ மட்டை, ஈர்க்கு, குருத்தோலை, களிமண், கூழ், பசை, அச்சு என்னும் சொற்கள் தேவைப்படுகின்றன. தாய் சொல்ல, பிள்ளை கேட்டுக் கையால் செய்யும்போது அச்சொல் மறவாது. பாக்குமட்டையைச் சீவிக் காட்டும் அண்டைவீட்டு மலையாள மூதாட்டி 'பாள, ஈர்க்கில், ஓல, சிரட்ட' என்று சொல்லக் கேட்டால் இரு மொழிகளும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதையும் பிள்ளை தானே உணரும். பாடநூல் பல பக்கங்களில் சொல்ல வேண்டிய செய்தி இது.

ஆதலின் நம் சங்கத்துக் குடும்பங்கள் வரும் நவராத்திரியில் படிக்கு ஒரு பொம்மையேனும் பிள்ளைகள் கையால் செய்ததாக வைக்க வேண்டுகிறோம். முகம் கோணலாய் இருக்கலாம். முடி ஒருபுறம் சாய்ந்திருக்கலாம். விலைமிகு பொம்மைகளுக்குப் பின்னே அதனை மறைத்தல் வேண்டா; முதற்படியிலேயே வையுங்கள். மணற்பாவைக்காகக் கடலைத் தூர்க்கத் துணிந்த அச்சிறுமியின் வழிவந்தோர் நம் வீட்டிலும் இருக்கின்றனர். அவர்கள் கையில் சிறிது களிமண் கொடுப்போம். உடன் அமர்ந்து தமிழில் பேசுவோம்.