சதுரங்கப் பலகையின் எண்

சதுரங்கத்தைக் கண்டவன் பாரத நாட்டு மன்னன் ஒருவனிடம் பரிசு கேட்ட கதையை நேயர்கள் பலரும் இளமையிலேயே கேட்டிருப்பீர்கள். முதற் கட்டத்திற்கு ஒரு தானிய மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தருக என்றான், மன்னன் நகைத்தான், களஞ்சியம் போதவில்லை. கதை கிடக்கட்டும். அதன் முடிவில் நிற்கும் எண்ணையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்: 1,84,46,74,40,73,70,95,51,615.

இருபது இலக்கங்கள். 1150-இல் பாஸ்கராசாரியார் இயற்றிய லீலாவதியில் ஒன்று முதல் பரார்த்தம் ஈறாக 18 இடங்களுக்குப் பெயருண்டு. நம் எண் அதற்கப்பாலும் இரண்டு இடம் செல்கிறது. (இதனைப் படியெடுக்கையில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டு, மீண்டும் எழுத நேர்ந்தது நமக்கு.) 1000-ஆம் ஆண்டையொட்டி அல்பீரூனி அரபு மொழியில் எழுதிய காலக்கணக்கு நூலில் இத்தொகையைப் பிழையின்றித் தந்திருக்கிறார். 64 கட்டங்களையும் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டுவதில்லை. 16-ஐ வர்க்கித்தால் 256. அதனை வர்க்கித்தால் 65,536. மீண்டும் வர்க்கித்தால் 4,29,49,67,296. இன்னும் ஒருமுறை வர்க்கித்து ஒன்றைக் கழித்தால் விடை கிடைத்துவிடும்.

இவ்வர்க்க வழியே எண்ணின் உட்கூற்றையும் காட்டிவிடுகிறது. ஒரு வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால், எஞ்சுவது மூல எண்ணைவிட ஒன்று குறைந்த எண்ணும் ஒன்று மிகுந்த எண்ணும் பெருகிய தொகையாகும். குறைந்த எண்ணை இவ்வாறே மேலும் மேலும் பிரித்துச் சென்றால், நம் பேரெண் 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 என்னும் ஆறு எண்களின் பெருக்கமாகிவிடும்.

பிரெஞ்சு நாட்டு ஃபெர்மா 1640-இல் இவ்வரிசையைக் கண்டு, இதில் வருவன யாவும் பகா எண்களே என்று நம்பினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. முதல் ஐந்தும் பகா எண்களே. ஆறாவதைச் சோதிக்க ஏறத்தாழ 65,000 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டுமே! 92 ஆண்டுகள் அவர் கூற்றை மறுப்பார் இல்லை. 1732-இல் ஆய்லர் அவ்வெண் 641-ஆல் மீதியின்றி வகுபடுவதைக் காட்டினார், ஈவு 67,00,417. அதன் வகு எண் எதுவும் 64-இன் மடங்கைவிட ஒன்று மிகுந்தே இருக்கும் என்று பின்னர் அவரே நிறுவினார். அவ்விதியைக் கொண்டு தேடினால் 193, 257, 449, 577 ஆகியவற்றை அடுத்து ஐந்தாம் முயற்சியிலேயே 641 வந்து நிற்கிறது. 92 ஆண்டுத் தடை, வழி தெரிந்தபின் அரைநாள் வேலைகூட இல்லை!

இதனால் வடிவ கணிதத்திலும் ஒரு வாயில் அடைபட்டது. 1796-இல், பத்தொன்பது வயது நிரம்பாத காஸ், கவராயமும் அளவு குறியாத கோலும் கொண்டே 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை வரையலாம் எனக் கண்டார். மேற்சொன்ன வரிசையிலுள்ள பகா எண்களை, எதையும் இருமுறை கொள்ளாது பெருக்கிவரும் பக்கத்தொகைக்கும் அது பொருந்தும். பிற ஒற்றைப்படைத் தொகைகளுக்குப் பொருந்தாது என்பதை 1837-இல் வான்ட்செல் நிறுவினார். ஃபெர்மாவின் ஆறாவது எண்ணும் பகா எண்ணாயிருந்தால், சதுரங்கப் பலகையின் தொகையளவு பக்கங்கள் கொண்ட பலகோணமும் வரையத்தக்கதாகியிருக்கும். 641 குறுக்கே நின்றுவிட்டது. வரையத்தக்கவை என அறியப்பட்ட ஒற்றைப்படைத் தொகைகளுள் மிகப் பெரியது இன்றும் முதல் ஐந்தின் பெருக்கமாகிய 4,29,49,67,295-தான். அது பலகையின் முதற் பாதியில், 32 கட்டங்களில், சேரும் மணிகளின் தொகை.