மவுங் போ பேரில் பற்று

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மரப்பாச்சி, எனாமல் தூக்குவாளி, பர்மாவின் அரக்குப் பாத்திரம், ரவிவர்மா படம் என்று ஒரு கடையின் வாசலெல்லாம் பரப்பியிருந்தார்கள். உள்ளே, நிலைக்கதவுகளுக்குப் பின்னால், சணல் கயிற்றால் கட்டிய கணக்கேடுகள் கிடந்தன.

“சினிமாக்காரங்க வாங்குவாங்க, ஓட்டல்ல அலங்காரத்துக்கு வாங்குவாங்க. படிக்கிறதுக்குன்னு யாரும் கேட்டதில்லண்ணே” என்றார் கடைக்காரர்.

கயிற்றை அவிழ்த்து ஒன்றைப் புரட்டினேன். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி. எண்கள் க, உ, ங என்று தமிழில். ரூபாய், அணா, பை. சாய்ந்து ஓடும் மைக் கையெழுத்து. தேதிகள் ஆனி, ஆடி என்று போகின்றன. நடுவில் ஒரு பெயர்: மவுங் போ. அவர் பேரில் பற்று. பர்மா விவசாயி ஒருவரின் கடன், தமிழ் மாதத்தில், தமிழ் எண்ணில், எழுதப்பட்டு இங்கே கிடக்கிறது. அவருக்கு இதில் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரிந்திருக்காது.

இத்தகைய பேரேடு ஒன்று எப்படிப் பிறந்து, எங்கெல்லாம் போய், இந்த மூலைக்கு வந்திருக்கும் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

செட்டிநாடு வானம் பார்த்த பூமி. அங்கிருந்த நகரத்தார் என்னும் செட்டியார்கள், பணத்தைப் பயிராக்கும் ஊர்களைத் தேடிக் கடல் கடந்தார்கள். 1852-இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து, அரிசிக்குக் கடல்வழி சுருங்கியது. ஐராவதி டெல்டாவின் காடும் சதுப்பும் வயலாக மாறின. வயல் திருத்த முதல் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் குடியானவனுக்குக் கடன் கொடுக்க வரவில்லை. செட்டியார் கொடுத்தார். 1929-30-இல் பர்மாவின் வங்கித் தொழிலை விசாரித்த குழு, அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருப்பதாகவும், அவற்றில் புழங்கும் பணம் 75 கோடி ரூபாய் அளவில் இருக்கலாம் என்றும் கணித்தது.

அத்தனை பணத்தையும் தாங்கி நின்றது இந்த ஏடுதான். முதலாளி செட்டிநாட்டு வீட்டில் இருப்பார். கடையை நடத்துவது சம்பளத்துக்குப் போன மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். மூன்று வருஷக் கணக்குக்குத்தான் கப்பலேறுவார்கள். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ படித்தவர்களுக்கு இந்தப் படிக்கட்டு தெரியும். அங்கே ஊர் மெடான், அவ்வளவுதான்.

பையன் வந்ததும் கணக்குதான் முதல் பாடம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கீழ்வாய் இலக்கம் படித்தவன் அவன். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. அந்தப் பின்னங்களை மனத்திலேயே பெருக்குகிற பிள்ளைக்கு, நூற்றுக்கு மாதம் இத்தனை அணா என்ற வட்டி வாய்ப்பாடு எம்மாத்திரம்! அன்றன்றைக்கு நடந்ததைக் குறிப்பில் எழுதுவது, அங்கிருந்து ஆள் வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவது, எல்லாவற்றையும் திரட்டி ஐந்தொகை போட்டு முதலாளிக்கு அனுப்புவது. ராத்திரி இருப்பு எண்ணும்போது கணக்கு ஒரு பை உதைத்தாலும் அது பிடிபடும் வரை விளக்கு அணையாது. தப்பாக எழுதியதைச் சுரண்டி அழிப்பது குற்றம். கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும்.

ஏட்டின் சுவாரசியமே அதன் தலைப்புகளில் இருக்கிறது. முதலாளியின் சொந்த முதல், முதல் பணம். அது போக ஆச்சிமார் பணம் என்று ஒன்று: கல்யாணத்தில் பெண்ணுக்கு வந்த ரொக்கம், அவள் பேரிலேயே கடையில் போடப்பட்டு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். கோவில் பணம் என்று இன்னொன்று. வரவில் மகமை என்று சாமிக்கும் ஒரு பங்கு ஒதுங்கும். கடலைப் பார்த்தேயிராத ஆச்சி ஒருத்தியின் சீதனம், பியாபோனில் ஒருவர் ஏர்மாடு வாங்கிய கடனாக உருமாறியிருக்கிறது. இரண்டு பேருக்கும் மற்றவரைத் தெரியாது. இருவரும் சந்தித்துக்கொண்ட ஒரே இடம் இந்தப் பேரேடு.

வட்டியையும் ஆளுக்கு ஆள் இஷ்டம்போல் எழுதிவிட முடியாது. ரங்கூன் மொகல் தெருவின் செட்டியார் கோவிலில் ஒவ்வொரு தமிழ் மாதமும் 16-ஆம் தேதி மாலையில் கூடி, கடைகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு நடப்பு வட்டியை நிர்ணயிப்பார்கள். அந்த ஒரு எண் பர்மா முழுக்க ஏடுகளில் ஏறும்.

நீதிமன்றமும் ஏட்டுக்குப் பழகிய இடம்தான். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, ஒழுங்காக எழுதிவந்த வியாபாரக் கணக்கைச் சாட்சியாக ஏற்றது; ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவரைக் கடனாளியாக்க முடியாது என்றது. ஆகவே பேரேட்டுக்குத் துணையாகப் புரோநோட்டும் பத்திரமும் இரும்புப் பெட்டியில் தூங்கின.

1930-இல் நெல் விலை சரிந்தது. அதுவரை பற்று, வரவு என்று ஓடிய பக்கங்களில் வரவு நின்றுபோனது. வட்டி முதலோடு சேர்ந்தது. கடைசியில் நிலம் வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937-இல் அது 25 ஆகிவிட்டது. அவர்கள் கேட்டது பணம், கைக்கு வந்ததோ சேறு என்று நகரத்தார் தரப்பில் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. நிலத்தை இழந்த பர்மாக்காரருக்கு அந்த உண்மையால் என்ன பயன்? ஏட்டில் தர்மத்துக்குப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். மவுங் போவின் வீட்டில் அன்று என்ன நடந்தது என்று எழுத அதில் இடமில்லை.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரமே விழுந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். மற்றவர்கள் தவுங்குப் கணவாய் வழியாகவும், தமு வழியாக மணிப்பூருக்கும் லட்சக்கணக்கில் நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கு யாரிடமும் இல்லை. நிலத்தைத் தூக்கிவர முடியாது, வீட்டையும் முடியாது; சிலர் பத்திரங்களையும் ஏடுகளையும் தூக்கி வந்தார்கள். திரும்பிப் போனால் எங்கே விட்டோமோ அங்கிருந்து வசூலிக்கலாம் என்ற நம்பிக்கை அந்தப் பாரத்தில் இருந்தது.

போகவும் செய்தார்கள். ஆனால் பர்மா விடுதலை பெற்ற 1948-லேயே நில தேசியமயச் சட்டம் வந்தது. 1964-இல் கடைகளும் போய், ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளும் செல்லாதவையாகி, மிச்சமிருந்தவர்களும் கப்பலேறினார்கள்.

ஊர் திரும்பிய ஏட்டை யாரும் உடனே எறிந்துவிடவில்லை. நஷ்டஈடு கிடைக்கும்போது ஆதாரம் காட்ட வேண்டுமே! பர்மா தேக்குத் தூண் நிற்கும் வீட்டிலேயே, அந்தத் தேக்குக்குக் கொடுத்த பணத்தின் கணக்கும் பரண் மேல் ஏறியது. அதை எழுதியவர்கள் போனார்கள். பிறகு தமிழ் எண் தெரிந்தவர்கள் போனார்கள். வீட்டைப் பங்கு பிரிக்கும்போது வெள்ளிப் பாத்திரத்துக்கும் பித்தளை அண்டாவுக்கும் பங்கு கேட்டவர்கள், ஏட்டுக்குக் கேட்கவில்லை.

கடையில் நின்றபடியே அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பர்மிய மொழியில் ‘ப’ ஓசையே மூன்று நான்கு வகை. ஒவ்வொன்றும் வேறு எழுத்து, வேறு பெயர். கணக்கெழுதிய அடுத்தாளிடம் இருந்தது நம்முடைய ஒற்றைப் பகரம். ரூபாயைப் பை சுத்தமாக எழுதியவர், ஆளை அந்த அளவுக்குத்தான் எழுத முடிந்திருக்கிறது.

“எடுத்துக்கிறீங்களாண்ணே?” என்றார் கடைக்காரர். விலை கேட்டேன். ஏட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், அட்டையைத் தட்டிப் பார்த்துச் சொன்னார்.